பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

இனிமேல் என் கையால் சாப்பிடுவதில்லை என்று என் கணவர் வாயை மூடிக்கொண்டது ஒரு வியாழக்கிழமை காலையில். அதற்குக் காரணமானவள் பதினோரு வருடமாக எனக்கு ஜெபப் பங்காளியாக இருந்தவள். அவள் மேல் இருக்கிற ஆத்திரம் அடங்கினபிறகு இதை எழுதலாம் என்றுதான் இருந்தேன். அது அடங்குகிற வழியைக் காணோம். அதனால் ஆத்திரத்தோடேயே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து சென்னை ரோட்டில் போனால் வரும். மாடியேறி நின்றால் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். என் அப்பா அம்மாவும் என் கணவரின் அப்பா அம்மாவும் மற்றவர் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர்கள். எங்கள் காலத்தில் கொஞ்சம் மாறியது. அவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரி ஓட்டினார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். பிள்ளை இல்லை.

கல்யாணமான புதிதிலிருந்தே அவர் குடித்தார். கொஞ்சநஞ்சமில்லை, நன்றாகவே குடித்தார். நான் பக்கத்துத் தெருவிலிருக்கும் தகரக் கொட்டகைச் சபைக்குப் போய் அழுது ஜெபித்தேன். எத்தனையோ வருடம் கழித்து ஒருநாள் அவரும் பின்னாலேயே வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தார். குடியை விட்டார். ஞானஸ்நானம் எடுத்தார். நான் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். சொல்லும்போது என் தலைக்கனத்தைப் பார்க்க வேண்டுமே! ஆண்டவரே என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பேச்சு.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே இருந்தவர் குழாயடியில் சாய்ந்தார். ஸ்ட்ரோக். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. பிறகு பேச்சு மட்டும் ஒற்றை ஒற்றை வார்த்தையாகத் திரும்பியது. குடித்த காலத்தில் ஒரு தலைவலி என்று படுக்காத மனுஷன், குடியை விட்டு, முழங்கால் போட்டு, வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகவும் கொடுத்த பிறகு விழுந்தார். இது என்ன நியாயம்? யாரையாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டால் விசுவாசமில்லாதவள் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருடம் பாஸ்டர் தொடர்ச்சியாகச் சிட்சையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். தேவன் தம் பிள்ளைகளைத் திருத்துவதற்காக அடிப்பார், ஒரு வீட்டில் வியாதி நுழைந்தால் மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றார். நானும் ஆராய்ந்தேன். வீட்டையே புரட்டிப் போட்டு ஆராய்ந்தேன். எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் நகை போடக் கூடாது. நான் ஒரு ஜோடித் தோட்டை மட்டும் மனசு வராமல் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஆகா, இதுதான் என்று பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய்க் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அவர் வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். விட்டதும் பொத்தென்று விழுந்தது.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தோடும் போச்சு.

இதையெல்லாம் நான் சொல்லி அழுதது அவளிடம்தான். எங்கள் சபையில் பெண்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். புதன்கிழமை மத்தியானம் அந்த இரண்டு பேரும் ஒரு வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்து, அந்த வாரம் மனசாலும் வாயாலும் செய்த பாவங்களை ஒருத்திக்கொருத்தி சொல்லிவிட்டு, கையைக் கோத்து ஜெபிக்க வேண்டும். அங்கே சொன்னது அந்தப் பாயைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். எனக்குச் சேர்த்துவிட்டவள் என்னைவிட ஏழு வயது இளையவள், நர்சரி ஸ்கூல் டீச்சர். அக்கா, அக்கா என்று உயிரை விடுவாள். என் கூடப்பிறந்தவளிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு என்னென்ன விஷயங்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று வியாழன் காலையில் ஒரு ஜோடி, முறை வைத்து, சபை வாட்ஸப் குழுவில் பேசிப் போடும். ஜெபக்குறிப்பு என்று பெயர். அதில் யார் பெயரையும் சொல்லமாட்டோம். ‘ஒரு சகோதரிக்காக’, ‘ஒரு குடும்பத்துக்காக’ என்போம். பெயர் சொல்லாவிட்டால் அது மூடிவைத்த மாதிரி என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. எழுபது எண்பது பேர் வருகிற சபையில், ‘மலேசியாவிலிருந்து திரும்பி வந்து மாமனார் வீட்டில் இருக்கும் ஒரு சகோதரர்’ என்றால் யாருக்கய்யா தெரியாது? அவர் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். ஆனாலும் பெயர் சொல்லவில்லை என்று எங்களுக்கு மனசு சுத்தமாக இருக்கும்.

அந்தப் புதன்கிழமை நான் அவளிடம் சொன்னது இதுதான்.

முந்தின நாள் மத்தியானம் கரண்ட் இல்லை. சித்திரை வெயில். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டை மறுநாள் கொடுக்க வேண்டும். அவருக்குக் காலையிலிருந்து இரண்டு தடவை துணி மாற்றிவிட்டேன், முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தேன். கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு வந்தால், என்ன நினைத்தாரோ, இடது கையால் ஒரு தட்டு. கஞ்சி முழுவதும் மிஷின் மேல் கிடந்த பட்டில் கொட்டியது. நான் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். ‘ஆண்டவரே, அவரை எடுத்துக்கங்க, இல்லாட்டி என்னை எடுத்துக்கங்க’ என்றேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, ‘அவரையே எடுத்துக்கங்க’ என்று திருத்திச் சொன்னேன்.

அந்தத் திருத்தம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கோபத்தில் வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாதபடி, நிதானமாக யோசித்து, தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லும்போது எனக்குப் பல் கிட்டியது. அவள் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எழுந்து வரும்போது மனசு லேசாக இருந்தது. பாவி, எவ்வளவு லேசாக இருந்தது!

மறுநாள் வியாழன். அவளும் நானும் சேர்ந்து போட வேண்டிய முறை. ‘நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, நானே பேசிப் போட்டுடறேன்’ என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். அவர் படுத்த பிறகு சபைக்குப் போக முடியாதென்பதால் அவருக்குச் சபையே அந்த போன்தான். வாராவாரம் ஜெபக்குறிப்பைச் சத்தமாகப் போட்டு அவர் தலைமாட்டில் வைப்பேன். கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். ஒவ்வொன்றுக்கும் இடது கையைத் தூக்கி, ஆமென் முழுசாக வராமல், ‘ஆமே’ என்பார். அன்றைக்கும் பாலில் பிசைந்த இட்லியை ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் பரீட்சைக்காக, ஒரு வீட்டுக் கிணற்றில் தண்ணீருக்காக. அப்புறம் அவள் குரல் தழுதழுத்தது.

“அடுத்ததா, படுத்த படுக்கையா இருக்கிற கணவரப் பாத்துக்க முடியாம, ஆண்டவரே அவர எடுத்துக்கங்கன்னு கேட்ட ஒரு சகோதரிக்காக பாரத்தோட ஜெபிப்போம். அந்த மரண ஆவி அந்த வூட்ட விட்டுப் போகணும். அந்த சகோதரிக்கு மனந்திரும்புற இருதயத்தக் கர்த்தர் குடுக்கணும்.”

போனை எடுத்து அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு அடுத்த குறிப்புக்குப் போயிற்று. கூடவே டிங் டிங் என்று கை கூப்பின படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஊரே எனக்காக ஜெபிக்கக் கிளம்பிவிட்டது.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். வாயிலிருந்த இட்லியை நாக்கால் மெதுவாக வெளியே தள்ளினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “வேணாம்” என்றார். அன்றைக்கு நான் எத்தனை தடவை கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தாலும் அதே ஒரு வார்த்தைதான். டம்ளரை இடது கையால் பிடித்துத் தண்ணீர் மட்டும் அவரே குடித்தார். மாத்திரையைத் துப்பினார்.

வெள்ளிக்கிழமை பயந்துபோய் அவர் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறார், குடும்பமும் அங்கேதான். வந்தவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவருக்கும் யாரோ அந்த ஜெபக்குறிப்பை அனுப்பியிருப்பார்கள், முகத்திலேயே தெரிந்தது. அண்ணனுக்குக் கஞ்சியை ஊட்டினார். தம்பி கையால் அவர் சாப்பிட்டார்.

ஊட்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. வாயின் இடது ஓரமாக வைக்க வேண்டும், தலையைக் கொஞ்சம் குனியவைக்க வேண்டும், தொண்டை ஏறி இறங்குகிற வரைக்கும் அடுத்த கரண்டியைக் காட்டக் கூடாது. இல்லையென்றால் புரையேறும். தம்பிக்கு அது தெரியாது. அவசர அவசரமாகத் திணிப்பார், இவர் கண் பிதுங்க இருமுவார். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, “இடது பக்கமா வைங்க தம்பி, மெதுவா” என்பேன். என் குரல் கேட்டதும் அவர் வாய் மூடிக்கொள்ளும். அதனால் பிறகு நான் அடுப்படியை விட்டு வருவதில்லை. அங்கே நின்றுகொண்டு இருமலை மட்டும் கேட்பேன்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கேட்டேன். சர்க்கரையும் இருக்கிறது, இப்படி அரைவயிறும் கால்வயிறுமாக இருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும், போட்டால் எடுப்பது கஷ்டம் என்றார் டாக்டர். தம்பிக்கு அடுத்த திங்கள் வரைதான் லீவு. அதற்குள் இவர் என் கையால் வாயைத் திறக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்குக் கவலை, மானம் போனதெல்லாம் அப்புறம்தான்.

சனிக்கிழமை அவள் வந்தாள். கையில் ஆரஞ்சுப் பழம்! நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறாளாம். நான் வாசலிலேயே மறித்துக்கொண்டேன்.

“அக்கா, பேரு சொல்லலியேக்கா” என்றாள்.

“ஆமாடி, பேரு சொல்லல. நம்ம சபையில படுத்த படுக்கையா புருஷன வச்சிருக்கிறவ எத்தன பேரு? வெரல் வுட்டு எண்ணு பாப்பம்.”

“ஒங்களுக்காகத்தாங்க்கா போட்டேன். விடிய விடிய அழுதேன். எல்லாரும் சேந்து ஜெபிச்சா ஒங்களுக்கு பெலன் கெடைக்குமேன்னு...”

“அழுதியா? அழுதுகிட்டே ஊருக்கெல்லாம் மைக்கு போட்டியா? அவரு பக்கத்துல வச்சித்தான் நான் போன கேப்பேன்னு ஒனக்குத் தெரியாது? பதினோரு வருசம்டி! ஒன் வூட்டுக் கத எத்தன என் வயித்துல கெடக்குது. ஒண்ணாவது வெளிய வந்திருக்கா?”

அவள் அழ ஆரம்பித்தாள். அழுகை என்னை இன்னும் கிளப்பிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். எழுத முடியாததும் இரண்டு மூன்று பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “நீங்க அந்த பேன்ஸி கடை சிஸ்டர் விஷயத்த இப்புடித்தானேக்கா போட்டீங்க. நாந்தான பக்கத்துல உக்காந்து இருந்தேன். இப்புடித்தான் செய்யணும்னு ஒங்களப் பாத்துத்தான் நெனச்சேன்.”

வேண்டுமென்றே குத்திச் சொன்ன மாதிரி தெரியவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். எனக்குத்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆரஞ்சுப் பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பேன்ஸி கடைச் சகோதரி எங்கள் சபையில் இருந்தவள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. ஒருநாள் என்னிடம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தபோது, டேப் கழுத்தில் இருக்கும்போதே, மெதுவாகச் சொன்னாள். அவள் பிள்ளைக்கு விடாமல் காய்ச்சல். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. கடைசியில் லப்பைக்குடிக்காட்டுத் தோழி ஒருத்தியோடு சாயங்காலம் பள்ளிவாசலுக்குப் போய், தொழுதுவிட்டு வருகிறவர்களிடம் தண்ணீரில் ஓதி ஊதி வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்தாளாம். “தப்பாக்கா?” என்று கேட்டாள். நான் அவள் தோளைத் தட்டி, “நான் ஜெபிக்கிறேம்மா” என்றேன். ஜெபித்தேன். அந்த வாரமே, ‘பலவீனத்தில் வேறு இடத்தில் சுகம் தேடிப்போன ஒரு தாய்க்காக’ என்று நானே என் வாயால் பேசிப் போட்டேன். பெயர் சொல்லவில்லை. அந்த மாதம் சபையில் எல்லாருக்கும் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தை அவளுக்குக் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் அவளே வரவில்லை. எனக்கு அது ஒரு பாவமாக ஒருநாளும் தோன்றியதில்லை. மூன்று வருடமாக வீட்டைப் புரட்டிப் பாவம் தேடினேனே, தோடுதான் கிடைத்தது. இது கிடைக்கவேயில்லை.

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் வந்தார். கெட்டவர் இல்லை. என் கணவர் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “இது சிட்சைதாம்மா. தகப்பன் கை. ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னால எழுந்து அறிக்க பண்ணிடுங்க. பாரம் எறங்கிரும்” என்றார்.

“சபைக்கு அதான் தெரிஞ்சு போச்சுங்களே ஐயா. இனிமே என்னத்த எழுந்து சொல்றது? வணக்கம் சொல்லிட்டு உக்கார வேண்டியதுதான்.”

“கோவப்படாதீங்கம்மா.”

“கோவந்தாங்க ஐயா. சிட்ச யாருக்குங்க? தப்பா கேட்டது நானு. முதுகுல புண்ணு வந்து கெடக்கறது அவரு. எங்கப்பாவும் அடிப்பாருங்க. பருத்தி மாற எடுத்து வெளாசுவாரு. ஆனா எதுக்கு அடிக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் அடிப்பாரு. அடிச்சிட்டு அவரே மஞ்சப் பத்து போட்டுவுடுவாரு. மூணு வருசமா எதுக்குன்னே சொல்லாம அடிச்சா, வாங்கறவங்க என்னத்த திருந்தறதுங்க?”

அவர் பதில் வைத்திருப்பார் என்று நினைத்தேன், வசனம் வரும் என்று காத்திருந்தேன். அவர் கட்டிலில் கிடந்தவரின் காலைப் பார்த்துக்கொண்டே, “தெரியலம்மா” என்றார். மூன்று வருடத்தில் அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான். ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப் போனேன். பேன்ஸி கடையில் அவள் ஒரு பெண்ணுக்கு வளையல் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போகிற வரைக்கும் நின்றேன். பிறகு சொன்னேன், நான் செய்தது துரோகம், என்னை மன்னித்துவிடு என்று. அவள் வளையல் பெட்டியை மூடி அடுக்கிக்கொண்டே கேட்டாள்:

“மன்னிப்பு கேக்கறதுக்காக வந்தீங்களாக்கா, இல்ல இத செஞ்சா ஒங்க வூட்டுக்காரரு வாயத் தொறந்துருவாருன்னு வந்தீங்களா?”

அவளுக்கும் எல்லாம் எட்டியிருக்கிறது. சபைக்கு வராதவளுக்கே எட்டியிருக்கிறது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்து கும்பிட்டு நின்றால் இப்படியா பேசுவாள் என்று. ஆனால் அவள் கேட்டது சரி. நான் அரிசி டப்பாவிலிருந்து தோட்டை எடுத்துக்கொண்டு ஓடின மாதிரிதான் இங்கேயும் ஓடி வந்திருந்தேன்.

“ரெண்டுக்குந்தாம்மா வந்தேன்” என்றேன்.

“எம் புள்ளைக்கு அப்புறம் நல்லா ஆயிருச்சுக்கா. டைபாய்டாம். ஊசி போட்டாங்க” என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்னொரு ஆள் கடைக்குள் வந்ததும், “போயிட்டு வாங்க” என்றாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் எதுவும் மாறியிருக்கவில்லை. தம்பி ஊட்டிக்கொண்டிருந்தார், இவர் இருமிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குத் தம்பி கிளம்பினார். “அண்ணி, நான் என்ன பண்ணட்டும், அதுக்கு மேல லீவு தரமாட்டேங்கறான்” என்று கண் கலங்கினார். காலையில் நான் மாத்திரையைக் கொடுத்தேன், துப்பினார். இட்லியைக் கொண்டுபோனேன், “வேணாம்.” மத்தியானம் கஞ்சியை ஆற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லியிருந்தேன்.

“குழா போட்டுருவாங்களாமுங்க. ஒங்களுக்கு என் மேலதான கோவம்? சாப்புட்டுட்டு கோவப்படுங்க. நான் அப்புடிக் கேட்டிருக்கக் கூடாது. பெரிய பாவந்தாங்க” என்றேன்.

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். பதினோரு நாளைக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு துடித்தது.

“அவகிட்ட... சொன்ன.”

“ஆமாங்க. சொல்லிட்டேன். அவ இப்புடிப் பண்ணுவான்னு...”

இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். அது இல்லை என்கிற தட்டு. மூச்சை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்துச் சொன்னார்.

“எங்கிட்ட... சொல்லல.”

அவர் கட்டிலுக்கும் என் மிஷினுக்கும் இரண்டு முழ தூரம். மூன்று வருடமாக அந்த இரண்டு முழத்தில் உட்கார்ந்து அவரிடம் சின்ன வெங்காயம் என்ன விலை, எவள் ஜாக்கெட் கை இறுக்கமாகிவிட்டது, யார் வீட்டில் சண்டை என்றுதான் பேசியிருக்கிறேன். மனசில் இருந்ததையெல்லாம் புதன்கிழமைக்கு என்று எடுத்து வைத்திருந்து தெருவைத் தாண்டிக் கொண்டுபோய் அவள் மடியில் கொட்டினேன். பேச முடியாத மனுஷனுக்குக் கேட்கவும் முடியாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவர் சாவைப் பற்றி நான் ஆண்டவரிடம் பேசினேன், சிநேகிதியிடம் பேசினேன். ஊரோடு சேர்ந்து கடைசி ஆளாக அவர் போனில் கேட்டுக்கொண்டார். அவள் எனக்குச் செய்த துரோகத்தை ஊரெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய துரோகத்தை நான் இவருக்குச் செய்திருக்கிறேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி கொட்டினது, துவைக்கிற கல், முதலில் ‘இல்லாட்டி என்னை’ என்று கேட்டது, பிறகு யோசித்து ‘அவரையே’ என்று திருத்தினது. குடித்தபோது விழாமல் திருந்தின பிறகு விழுந்தாரே என்று அவர் மேலேயே எனக்கு இருந்த கோபத்தையும் சொன்னேன். ஆண்டவர் மேல் இருக்கும் கோபத்தையும் சொன்னேன், அதை அதுவரை நான் அவளிடம்கூடச் சொன்னதில்லை. அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார். இடது கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. நான் துடைக்கவில்லை. துடைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று பயம்.

சொல்லி முடித்தேன். பிறகு கேட்டார்.

“இன்னிக்கி?”

இன்றைக்கும் கேட்டாயா என்கிறார். இல்லை என்று சொல்லிவிடலாம். எந்தப் பொண்டாட்டியும் இல்லை என்றுதான் சொல்லுவாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“கேட்டேங்க. காலையில மாத்திரையத் துப்புனீங்களே, அப்பக் கேட்டேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சியில் ஆடை கட்டிவிட்டது.

“நாளைக்கி... கேட்டா...”

“மொதல்ல ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தாங்க கேப்பேன்.”

அவர் வாயைத் திறந்தார்.